பத்தாயிரம் பேருக்குச் சென்னையில் எங்கே இடம்?

நிகழ்ச்சி ஏற்பாட்டு வேலையில் இருக்கிறவர்களுக்கு அடிக்கடி ஒரு போன் வரும். "சார், கச்சேரி பண்றோம், எட்டாயிரம் பத்தாயிரம் பேர் வருவாங்க, நல்ல இடமா சொல்லுங்க." கேட்கிறவர் பாடகரிடம் தேதி வாங்கியிருப்பார், ஸ்பான்சரிடம் பேசியிருப்பார், போஸ்டர்கூட ரெடியாக இருக்கும். இடம் மட்டும் பாக்கி. எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் பார்த்துக்கொள்ளும் சின்ன வேலை என்று இடத்தை நினைத்துக்கொள்கிறார்கள். சென்னையைப் பொறுத்தவரை அதுதான் முதல் வேலை, பாடகரிடம் தேதி வாங்குவதற்கும் முன்னால் செய்ய வேண்டியது.

காரணம் எளிது. இந்த ஊரில் சின்ன இடம் நிறைய இருக்கிறது, ரொம்பப் பெரிய இடமும் இருக்கிறது, நடுவில்தான் ஒன்றுமில்லை. ஆயிரம் பேர் என்றால் தலைவலியே கிடையாது. சபாக்கள் இருக்கின்றன, கல்யாண மண்டபங்கள் இருக்கின்றன, கலைவாணர் அரங்கம், காமராஜர் அரங்கம், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலக அரங்கம் என்று வரிசையாகச் சொல்லலாம். மியூசிக் அகாடமியில் சுமார் 1,600 பேர் உட்காரலாம். அதற்கு மேலே ஏறினால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். நாலாயிரம், ஆறாயிரம், பத்தாயிரம் பேருக்குக் கூரை போட்ட, ஏசி உள்ள, கச்சேரிக்கென்றே கட்டிய அரங்கம் நகருக்குள் ஒன்றுகூட இல்லை. இத்தனை இசையமைப்பாளர்கள் இருக்கும் ஊரில் இது கொஞ்சம் வெட்கக்கேடுதான்.

உடனே எல்லோரும் சொல்லும் பெயர் நேரு உள்விளையாட்டு அரங்கம். பெரியமேட்டில் பெரிய ஸ்டேடியத்தை ஒட்டி இருப்பது. சுமார் 8,000 இருக்கைகள், சென்ட்ரலும் எழும்பூரும் பக்கம், மெட்ரோ உண்டு. கணக்கு சரியாக இருப்பதுபோலத் தெரியும். ஆனால் மேடையை ஒரு பக்கமாகப் போட்டதும் அதற்குப் பின்னால் இருக்கும் இருக்கைகள் எல்லாம் வீண். பக்கவாட்டிலும் ஒரு பகுதி திரைக்கும் ஸ்பீக்கருக்கும் பின்னால் போய்விடும். கீழே தரையில் நாற்காலி போட்டு ஈடுகட்டலாம், அதற்கும் விளையாட்டுத் தரை கெடாமல் பாதுகாப்பு விரிப்பு போட வேண்டும். கூரையில் எவ்வளவு எடை தொங்கவிடலாம் என்று எழுத்தில் வாங்காமல் லைட்டிங்காரர் எதையும் ஏற்ற மாட்டார், ஏற்றவும் கூடாது, அதனால் பெரும்பாலும் தரையிலிருந்து தனியாக டிரஸ், அதாவது விளக்கையும் ஸ்பீக்கரையும் தாங்கும் உலோகச் சட்டம், எழுப்புவோம், அது இன்னும் கொஞ்சம் இருக்கைகளை மறைக்கும். எட்டாயிரம் என்று ஆரம்பித்த கணக்கு முடியும்போது ஐந்தரை, ஆறில் வந்து நிற்கும். எதிரொலி பற்றிக் கேட்கவே வேண்டாம். அது பந்து விளையாடக் கட்டிய கூடம், வயலினுக்குக் கட்டியதல்ல. 2022 ஜூலை 28 அன்று செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா இங்கேதான் பிரமாதமாக நடந்தது. அரசாங்கமே நடத்தும் விழாவுக்கு ஊரே ஒதுங்கி வழிவிடும், நமக்கு யார் விடுவார்கள்?

அந்த ஒலிம்பியாடில் கவனிக்க வேண்டியது வேறு. விழா பெரியமேட்டில், ஆட்டம் மாமல்லபுரம் அருகே பூஞ்சேரியில் ஒரு ஓட்டல் வளாகத்தில். ரஷ்யாவில் நடக்க வேண்டியது கைமாறி மார்ச் மாதம்தான் சென்னைக்குக் கிடைத்தது. ஜூலைக்குள் அந்த வளாகத்திலேயே புதிதாக இன்னொரு பெரிய கூடம் எழுப்பினார்கள். உலகம் முழுக்க இருந்து வரும் ஆட்டக்காரர்கள் தங்கும் அறையும் ஆடும் கூடமும் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று பார்த்தால் நகரத்துக்குள் தேறுவது கஷ்டம். மாநாடு என்றாலே இந்தச் சிக்கல் உண்டு. கச்சேரிக்கு வருபவன் மூன்று மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடுவான், மாநாட்டுக்கு வருபவனுக்கு மூன்று நாளைக்குப் படுக்கை வேண்டும்.

மாநாடு, கண்காட்சி என்றால் நந்தம்பாக்கம் வர்த்தக மையம். 2024 ஜனவரியில் உலக முதலீட்டாளர்கள் மாநாடு நடந்தது அங்கேதான். விரிவாக்கிய பிறகு சுமார் நாலாயிரம் பேர் அமரும் அரங்கமும் வந்துவிட்டது. விமான நிலையம் பக்கம், கிண்டியில் ஓட்டல்கள், ஆலந்தூரில் இறங்கினால் ஆட்டோவில் கொஞ்ச தூரம். இங்கே எனக்குப் பிடித்தது, லாரி நேராக ஹாலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், சாமான் இறக்குவது சுலபம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே தெரியாது. ஒரு பெரிய கச்சேரிக்கு ஸ்பீக்கர், லைட், எல்இடி திரை, டிரஸ், ஜெனரேட்டர் எல்லாம் சேர்த்துப் பத்து பதினைந்து லாரி சர்வசாதாரணமாக வரும். பகலில் பெரிய லாரியை நகருக்குள் விட மாட்டார்கள், அதனால் இரவோடு இரவாக இறக்க வேண்டும். படிக்கட்டு ஏறித்தான் மேடைக்குப் போக வேண்டும் என்ற மண்டபத்தில் கூலி மட்டும் எங்கேயோ போய்விடும்.

வாடகை பேசும்போது இதையும் கேளுங்கள்: செட் போடும் நாளுக்கும் பிரிக்கும் நாளுக்கும் தனி வாடகையா? ஏசி எத்தனை மணி நேரத்துக்கு? கரண்ட் யூனிட் கணக்கா, மொத்தமா? பெரிய மண்டபம் ஒன்றில், பெயர் வேண்டாம், ஒருநாள் வாடகை மலிவு என்று சந்தோஷமாக அட்வான்ஸ் கொடுத்தோம். கடைசியில் டீசல், குப்பை, செக்யூரிட்டி, "மெயின்டனன்ஸ்" என்று வந்த பில் வாடகையைத் தாண்டிவிட்டது. எங்கள் சாப்பாட்டை உள்ளே கொண்டுவரக்கூடாது என்று வேறு சொன்னார்கள். அதெல்லாம் ஒப்பந்தத்தில் எங்கேயும் இல்லை.

சரி, கூரை கிடைக்கவில்லை. அடுத்தது மைதானம். நேரு ஸ்டேடியத்தில் நாற்பதாயிரம் பேர் கொள்ளும், ஆனால் நடுவில் புல்தரையும் ஓடுபாதையும் இருக்கின்றன, அதன்மேல் லாரி ஏற்ற யார் விடுவார்கள். பத்தாயிரம் பேரை அதில் உட்கார வைத்தால் காலியாகவும் தெரியும். சேப்பாக்கம் கிரிக்கெட்டின் சொத்து, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஆக மிஞ்சுவது நந்தனம் ஒய்எம்சிஏவும் தீவுத்திடலும். ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரி 1920-ல் தொடங்கியது, ஆசியாவிலேயே முதல் உடற்கல்விக் கல்லூரி. இன்றைக்கு நம் ஆட்களுக்கு அது புத்தகக் காட்சி நடக்கும் இடம், இல்லையென்றால் கச்சேரி நடக்கும் இடம். 2019 பிப்ரவரியில் இளையராஜா 75 விழா இரண்டு நாள் இங்கே நடந்தது. 2025 பிப்ரவரி 5 அன்று எட் ஷீரன் பாடியதும் இங்கேதான், நடுவில் ஏ.ஆர். ரஹ்மான் மேடையேறினார், கூட்டம் கத்திய கத்தலில் சைதாப்பேட்டை வரை கேட்டிருக்கும். லண்டனில் ஸ்டேடியம் ஸ்டேடியமாகப் பாடுகிற மனுஷன், நம் ஊரில் காலேஜ் மைதானத்தில் பாடினார். அவருக்கு அது ஒரு குறையாகத் தெரிந்த மாதிரி இல்லை. வந்தவர்களில் நிறையப் பேர் நந்தனம் மெட்ரோவில் ஏறி வீட்டுக்குப் போனார்கள். என்னைக் கேட்டால் இந்த மைதானத்தின் மதிப்பே மேடையிலோ புல்லிலோ இல்லை, அந்த மெட்ரோ ஸ்டேஷனில் இருக்கிறது.

இதே மைதானத்தை வைத்து ஒரு தப்புக்கணக்கும் நடக்கும். "புத்தகக் காட்சிக்கு லட்சக்கணக்கில் வர்றாங்க, நம்ம பதினஞ்சாயிரம் பேர் வரக்கூடாதா?" வரலாம். ஆனால் புத்தகக் காட்சிக்கு வருபவர் பதினைந்து நாளில் ஏதோ ஒரு நாள், காலையிலோ சாயங்காலமோ வருவார், இரண்டு பையோடு மெதுவாகக் கிளம்புவார். கச்சேரிக்கு வந்தவர் கடைசிப் பாட்டு முடிந்த அதே நிமிடத்தில் எழுந்திருப்பார், பக்கத்தில் இருக்கும் பதினைந்தாயிரம் பேரோடு சேர்ந்து.

அதனால் எந்த இடத்துக்குப் போனாலும் நான் முதலில் மேடையைப் பார்ப்பதில்லை, வெளியேறும் வழியைத்தான் பார்ப்பேன். சமதளத்தில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்குச் சுமார் 80 பேர் வெளியேறலாம் என்பது பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு. இருபதாயிரம் பேர், மொத்தம் 20 மீட்டர் கேட் என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடத்தில் காலி. அதே கூட்டத்துக்கு 5 மீட்டர் கேட் ஒன்றுதான் என்றால் ஐம்பது நிமிடம், அதுவும் எல்லோரும் ஒழுங்காக நடந்தால். நின்று பார்க்கும் பகுதியில் சதுர மீட்டருக்கு இரண்டு பேர் என்றால் வசதி, நாலு பேரைத் தாண்டினால் ஆபத்து ஆரம்பம், அதற்கு மேல் போனால் மனிதர்கள் தாங்களாக நகர்வதில்லை, கூட்டம்தான் அவர்களை நகர்த்தும். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,050 சதுர மீட்டர். மேடை, திரை, கன்ட்ரோல் டென்ட், சாப்பாட்டுக் கடை, டாய்லெட் எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பாக்கியை இரண்டால் பெருக்குங்கள். "பத்து ஏக்கர் சார்" என்று இடத்துக்காரர் சொல்வதில் பாதிதான் உங்களுக்கு.

இப்போது ஈசிஆர் கதைக்கு வரலாம். மைதான வாடகை நகருக்குள் கட்டுப்படியாகாதபோது எல்லோருக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை ஞாபகம் வரும். இடம் தாராளம், கடல் காற்று, படம் எடுத்தால் அழகு. வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், நடுவில் ஒரே ரோடு. அங்கிருந்து கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் ஓஎம்ஆருக்கு (பழைய மகாபலிபுரம் சாலை) தப்பிக்கத் திருவான்மியூரை விட்டால் அக்கரையிலிருந்து சோழிங்கநல்லூர், கோவளத்திலிருந்து கேளம்பாக்கம், அவ்வளவுதான் நல்ல இணைப்பு. ரயில் கிடையாது. இருபதாயிரம் பேரை உள்ளே விடவும் வெளியே எடுக்கவும் அந்த ஒரே ரோடு.

2023 செப்டம்பர் 10 ஞாயிற்றுக்கிழமை பனையூரில் நடந்த ரஹ்மான் கச்சேரி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஆகஸ்ட் 12 நடக்க வேண்டியது, மழையால் தள்ளிப்போனது. டிக்கெட் வாங்கியவர்கள் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள், கூட்ட நெரிசலில் பெண்களும் குழந்தைகளும் சிக்கினார்கள், முதல்வரின் வாகனமே நெரிசலில் மாட்டியது. உள்ளே வர முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்பச் சொல்லி ரஹ்மானே அறிவித்தார். டிக்கெட் அதிகம் விற்றார்கள், வாலண்டியர் போதவில்லை என்று எல்லோரும் ஏற்பாட்டாளரைத் திட்டினார்கள், திட்ட வேண்டியதுதான். ஆனால் நல்ல ஏற்பாட்டாளராக இருந்தாலும் அந்த ரோட்டை அகலமாக்கியிருக்க முடியாது. அதே மாதக் கடைசியில் நேரு உள்விளையாட்டு அரங்கில் நடக்க இருந்த விஜய் படத்தின் இசை வெளியீட்டு விழாவைத் தயாரிப்பாளர்களே ரத்து செய்தார்கள். பாஸ் கேட்டு வந்த கூட்டமும் பாதுகாப்பும்தான் காரணம் என்றார்கள். எட்டாயிரம் இருக்கைக்கு எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகும் கச்சேரிகள் தெற்கே நகர்ந்துகொண்டேதான் இருக்கின்றன. 2025-ல் அனிருத்தின் கச்சேரி ஜூலை 26 திருவிடந்தையில் என்று அறிவித்தார்கள். திருவிடந்தை பெரிய இடம்தான், 2018 ஏப்ரலில் பாதுகாப்புத் தளவாடக் கண்காட்சியே அங்கே நடந்தது. ஆனாலும் கூட்டத்துக்குப் போதாது என்று தள்ளிவைத்து, ஆகஸ்ட் 23-ல் கூவத்தூர் பக்கம் நடத்தினார்கள். கல்பாக்கத்தையும் தாண்டி! "சென்னை கச்சேரி" என்று போஸ்டரில் போட்டுக்கொள்ளலாம், வேளச்சேரியில் இருப்பவனுக்கு அது வெளியூர்ப் பயணம். மதியம் கிளம்பி விடிகாலை வீடு வந்து சேருகிறான்.

பார்க்கிங் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். இருபதாயிரம் பேரில் கால்வாசி காரில் வருகிறார்கள், காருக்கு இரண்டரை பேர் என்றால் 2,000 கார். வழிவிட்டு நிறுத்த ஒரு காருக்கு 25 சதுர மீட்டர் வேண்டும். அதுவே 12 ஏக்கர். பைக்குகள் தனி. மைதானத்துக்கு வாடகை பேசிய கையோடு பக்கத்து நிலத்துக்காரரிடமும் பேசாவிட்டால், அன்றைக்கு ரோட்டோரம்தான் பார்க்கிங். மழை பெய்தால் அந்த நிலத்தில் இறங்கிய கார் ஏறாது, டிராக்டர் வைத்துத்தான் இழுக்க வேண்டும்.

இடம் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குப் போவார்கள். ரோடு காலியாக இருக்கும், வெயிலில் எல்லாம் விசாலமாகத் தெரியும். நிகழ்ச்சி சனிக்கிழமை இரவு என்றால் சனிக்கிழமை இரவே போய்ப் பாருங்கள். ரோட்டில் லைட் இருக்கிறதா, பத்து மணிக்கு மேல் பஸ் உண்டா, போனில் சிக்னல் வருகிறதா, எல்லாம் அப்போதுதான் தெரியும். இருபதாயிரம் பேர் ஒரே டவரில் இருந்தால் ஓலாவும் ஊபரும் வேலை செய்யாது, கேட்டில் க்யூஆர் கோடுகூடத் திறக்காது. தற்காலிக டவர் கேட்டு நிறுவனங்களிடம் முன்கூட்டியே எழுதினால் சில சமயம் கொண்டுவந்து வைப்பார்கள்.

டாய்லெட் பற்றி எழுதினால் முகம் சுளிக்கிறார்கள். பெண்கள் நூறு பேருக்கு ஒன்றாவது வேண்டும், தண்ணீர் லாரி பக்கத்திலேயே நிற்க வேண்டும், அந்தப் பக்கம் லைட் இருக்க வேண்டும். வெறும் மைதானத்தில் இதெல்லாம் நாமே கொண்டுவர வேண்டியவை. மைதான வாடகை மலிவு என்று சொல்கிறவர்கள் இந்தச் செலவைச் சேர்ப்பதில்லை. சேர்த்துப் பார்த்தால் வர்த்தக மையம் அவ்வளவு விலையாகத் தெரியாது.

அனுமதி விஷயம் சுருக்கமாக. போலீஸ், போக்குவரத்துப் போலீஸ், தீயணைப்புத் துறை, உள்ளாட்சி, மேடைக்கு உறுதிச் சான்று, ஜெனரேட்டருக்கு மின் ஆய்வு, பாட்டுக்கு உரிமம். இதில் எது வராவிட்டாலும் கடைசி நாள் இரவு தூக்கம் போகும். இரவு 10 மணிக்கு மேல் வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதி, ஆக ஏழு மணிக்கு என்று போட்டு எட்டரைக்கு ஆரம்பிக்கிற பழக்கம் திறந்தவெளியில் செல்லாது. 2025 செப்டம்பர் 27 கரூரில் அரசியல் பிரச்சாரக் கூட்டத்தில் 41 பேர் இறந்த பிறகு எல்லா அதிகாரிகளும் கூட்டக் கணக்கைத் துருவித் துருவிக் கேட்கிறார்கள். எங்கள் தொழிலில் சிலர் இதைத் தொல்லை என்று அலுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்விகளில் ஒன்றுகூட அநாவசியமாகத் தெரியவில்லை.

தேதியும் இடமும் இங்கே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் நடு வரை திறந்தவெளியைத் தொடாதீர்கள், வடகிழக்குப் பருவமழை யாருக்கும் பயப்படாது. ஜனவரி, பிப்ரவரி அருமையான மாதங்கள், அதனால்தான் மைதானத்துக்கு அப்போது அடிதடி. மார்ச்சில் பரீட்சை. ஏப்ரல், மேயில் வெயிலும் ஐபிஎல்லும். கூரையுள்ள பெரிய மண்டபம் வேண்டுமென்றால் ஆடியில் கேளுங்கள். முகூர்த்தம் இல்லாத மாதம், தையில் நம் போனையே எடுக்காத மேனேஜர் ஆடியில் காபி வாங்கித் தந்து விலை பேசுவார். கம்பெனி மாநாடு, டீலர் மீட்டிங் எல்லாவற்றையும் ஆடிக்குத் தள்ளச் சொல்லி நான் கேட்காத வாடிக்கையாளர் இல்லை. "ஆடியில தொடங்கலாமா சார்?" என்று தயங்குகிறவர்களிடம் வாடகை வித்தியாசத்தைக் காட்டினால் போதும்.

சென்னைதான் வேண்டும் என்று கட்டாயம் இல்லையென்றால் கோவையைப் பாருங்கள். 2010 ஜூனில் செம்மொழி மாநாடே கொடிசியா வளாகத்தில் நடந்தது, அவினாசி சாலையும் விமான நிலையமும் பக்கம். மதுரையில் தமுக்கம் மைதானத்தில் மாநாட்டு மையம் கட்டியிருக்கிறார்கள்.

சென்னைக்கும் விடிவு வரும் என்கிறார்கள். முட்டுக்காட்டில் அரசு மிகப்பெரிய மாநாட்டு மையம் கட்டுகிறது, கண்காட்சிக் கூடம், மாநாட்டுக் கூடம், அரங்கம் எல்லாம் ஒரே வளாகத்தில். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, கூரையோடு ஒரு பெரிய இடம் கிடைத்தால் எங்கள் தொழிலே மாறும். ஆனால் முட்டுக்காடும் அதே ஈசிஆர்தான், அதே ஒரு ரோடு. கட்டடத்தின் வரைபடத்தை எல்லோரும் பகிர்கிறார்கள். நிகழ்ச்சி முடிந்த இரவில் எத்தனை மாநகரப் பேருந்து அங்கே நிற்கும் என்று யாராவது சொன்னால், முதல் தேதியை நானே புக் பண்ணிவிடுகிறேன்.